எந்த எஞ்சினில் கதை சொல்வது?

2017 செப்டம்பரில் டீம் சால்வாட்டோ என்ற சிறு குழு ‘டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்’ என்ற விஷுவல் நாவலை இலவசமாக வெளியிட்டது. ஒரு பள்ளி, அதில் ஓர் இலக்கிய மன்றம், கவிதை எழுதும் மாணவிகள் என்று சாதுவாகத் தொடங்கும் கதை, நடுவில் திகிலாகத் திரும்பிவிடும். அதன் உச்சத்தில் விளையாடுபவர் திரைக்கு வெளியே போக வேண்டியிருக்கும். கேம் நிறுவப்பட்டிருக்கும் ஃபோல்டரைத் தன் கணினியில் திறந்து, அங்கே இருக்கும் ஒரு கோப்பைத் தன் கையாலேயே அழித்தால்தான் கதை நகரும். அந்த கேம் ரென்பை எஞ்சினில் செய்யப்பட்டது. ரென்பைக்குள் பைத்தான் மொழி முழுதாகவே இருக்கிறது. ஒரு கோப்பு இருக்கிறதா, காணாமல் போய்விட்டதா என்று பார்ப்பது பைத்தானில் ஒரு வரி வேலை.

நான்கு ஆண்டுகள் கழித்து, 2021இல், அதே கதை கன்சோல்களுக்கு வந்தபோது யூனிட்டியில் மறுபடி கட்டப்பட்டது. கன்சோலில் விளையாடுபவர் திறந்து பார்க்க ஃபோல்டர் எதுவும் கிடையாது. ஆகவே கேமுக்குள்ளேயே ஒரு கற்பனைக் கணினித் திரையை உருவாக்கி, அழிக்க வேண்டிய கோப்பை அதில் வைத்தார்கள்.

ஒரே கதைக்கு இரண்டு எஞ்சின்கள். இரண்டு முறையும் தேர்வு சரிதான். முதலில் கதையின் தேவை முடிவு செய்தது, பிறகு கேம் போய்ச் சேர வேண்டிய இடம் முடிவு செய்தது. ‘எது சிறந்த எஞ்சின்’ என்ற கேள்விக்கு விடை கிடைக்காததற்குக் காரணமும் இதுவே. விஷுவல் நாவல் என்பது பெரும்பகுதி எழுத்து. அந்த எழுத்து எந்த வடிவில் சேமிக்கப்படும், திரையில் பழுதில்லாமல் வருமா, எழுதுபவரைக் கடைசி அத்தியாயம் வரை எழுத விடுமா என்று பார்த்தால் பாதி எஞ்சின்கள் தாமாகவே கழிந்துவிடும்.

கண்ணுக்குத் தெரியாத வேலைகள்

பின்னணிப் படம் ஒன்று, அதன் முன்னால் ஒரு கதாபாத்திரம், கீழே வசனப் பெட்டி, அவ்வப்போது இரண்டு மூன்று தெரிவுகள். கொஞ்சம் கோடிங் தெரிந்தவருக்கு இதைப் பார்த்ததும் ‘எஞ்சின் எதற்கு, நாமே எழுதிவிடலாமே’ என்று தோன்றும். படத்தையும் வசனத்தையும் காட்டுவது மட்டும்தான் வேலை என்றால் எழுதிவிடலாம்.

ஆனால் விஷுவல் நாவல் வாசகர்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம் இருக்கிறது. தவறுதலாக ஒரு வரியைத் தாண்டிவிட்டால் பின்னால் போய்ப் படிக்க வேண்டும். எந்த வரியிலும் நிறுத்திச் சேமிக்க முடிய வேண்டும். இரண்டாம் முறை விளையாடும்போது, ஏற்கெனவே படித்த பகுதிகள் மட்டும் வேகமாக ஓடிப் புதிய வரி வந்ததும் நிற்க வேண்டும். முந்தைய வசனங்களின் பட்டியல், தானாக நகரும் வசதி, எழுத்து தோன்றும் வேகம், இசைக்கும் குரலுக்கும் தனித்தனி ஒலியளவு எல்லாம் அவர்கள் எதிர்பார்ப்பவை.

இவற்றில் மிகக் கடினமானது ரோல்பேக் எனப்படும் பின்னோக்கிப் போதல். மூன்று வரி பின்னால் போகும்போது வசனம் மட்டும் திரும்பினால் போதாது. அந்த மூன்று வரிகளுக்குள் கதாநாயகிக்கு நாயகன் மேல் ஏறிய அன்புப் புள்ளி இறங்க வேண்டும், பையில் சேர்ந்த சாவி மறைய வேண்டும், மாறிய இசை பழையபடி ஒலிக்க வேண்டும். சேமித்த கோப்பு, கேம் புதுப்பிக்கப்பட்ட பிறகும் திறக்க வேண்டும். தனியாக எஞ்சின் எழுதத் தொடங்கியவர்கள் கதையை மறந்துவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். எனவே ஒரு எஞ்சினை எடைபோட முதல் அளவுகோல், இவற்றில் எத்தனை ஆயத்தமாகக் கிடைக்கின்றன என்பது.

ரென்பை

ரென்பையில் புதிய ப்ராஜெக்ட் ஒன்றை உருவாக்கியதுமே, ஒரு வரி கதைகூட எழுதும் முன், மேலே சொன்ன அனைத்தும் இயங்கிக்கொண்டிருக்கும். டாம் ராத்தமெல் 2004இல் வெளியிட்டு இன்றுவரை வளர்த்துவரும் இந்த எஞ்சின் முழுக்க விஷுவல் நாவலுக்காகவே செய்யப்பட்டது. கட்டணம் இல்லை. பெரும்பகுதி எம்ஐடி உரிமத்தில் இருப்பதால், கேமை விலைக்கு விற்றாலும் யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. விண்டோஸ், மேக், லினக்ஸ், ஆண்ட்ராய்டு, ஐஓஎஸ், வலை உலாவி ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே மூலத்திலிருந்து கேமை உருவாக்கித் தரும்.

இதன் உண்மையான பலம் ஸ்கிரிப்ட். கதாபாத்திரத்தின் சுருக்கப் பெயரை எழுதி, பக்கத்தில் மேற்கோள் குறிக்குள் வசனத்தை எழுதினால் அது ஒரு வரி வசனம். ‘சீன்’ என்றால் பின்னணி மாறும், ‘ஷோ’ என்றால் ஆள் வருவார், ‘ஹைட்’ என்றால் போவார். ‘மெனு’ தெரிவுகளைக் காட்டும், ‘ஜம்ப்’ கதையை வேறு பகுதிக்குத் தாவ வைக்கும். இந்த ஐந்தாறு சொற்களை ஒரே மாலையில் கற்றுக்கொண்டு முதல் காட்சியை ஓட்டிவிடலாம். ஒரு நாடகப் பிரதியைப் படிக்கத் தெரிந்தவருக்கு ரென்பை கோப்பையும் படிக்கத் தெரியும்.

அது சாதாரண டெக்ஸ்ட் கோப்பு என்பது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ரென்பையில் செய்த ‘கத்தாவா ஷோஜோ’ விஷுவல் நாவலின் வரலாறு அதன் மதிப்பைக் காட்டுகிறது. 2007இல் இணையத்தில் அறிமுகமான, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் சேர்ந்து அதைத் தொடங்கினார்கள். ஐந்து நாயகிகள், ஐந்து கதைப்பாதைகள், ஒவ்வொரு பாதைக்கும் தனி எழுத்தாளர். 2012 ஜனவரி 4 அன்று கேம் இலவசமாக வெளிவந்தது. ஐந்து பேர் ஐந்து இடங்களிலிருந்து எழுதும்போது, ஒவ்வொருவரும் தன் கோப்பைத் தனியே எழுதலாம், திருத்துபவர் எந்த எடிட்டரிலும் திறக்கலாம், யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பதை கிட் போன்ற கருவியில் பார்க்கலாம். ஒருவரே எழுதினாலும் இந்த வசதி பயன்படும்: ஆறு மாதத்துக்கு முன் வெட்டி எறிந்த காட்சியைத் திரும்ப எடுக்கலாம்.

ரென்பையில் செய்த கேம்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன என்ற குறை அடிக்கடி காதில் விழும். அது எஞ்சினின் குறை அன்று. ஆயத்தமாக வரும் மெனுவையும் வசனப் பெட்டியையும் நிறம்கூட மாற்றாமல் விட்டுவிடுவதால் வருவது. கிறிஸ்டீன் லவ் 2010இல் வெளியிட்ட ‘டிஜிட்டல்: எ லவ் ஸ்டோரி’ ரென்பையில் செய்ததுதான். ஆனால் திரை முழுவதும் 1988ஆம் ஆண்டின் கணினியாகவே இருக்கும். மோடம் ஒலியோடு எண்ணைச் சுழற்றி, பழைய செய்திப் பலகைகளில் நுழைந்துதான் காதல் கதையைப் படிக்க முடியும். ஹனாகோ கேம்ஸின் ‘லாங் லிவ் த குவீன்’ ஒரு சிறுமி மகுடம் சூடும்வரை உயிரோடு இருப்பதற்காகப் பாடங்களைத் தேர்ந்தெடுத்துப் படிக்கும் கணக்கு விளையாட்டு. 2022இல் வந்த ‘ரோட்வார்டன்’ ஏறக்குறைய ஒரு பாத்திரமேற்பு விளையாட்டு. 2023இல் வந்த ‘ஸ்லே த பிரின்சஸ்’ பென்சில் ஓவியங்களால் ஆனது. நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே எஞ்சின் என்று யாரும் சொல்லிவிட முடியாது.

சிரமங்களும் உண்டு. பைத்தானைப் போலவே ரென்பையும் வரியின் இடப்பக்க இடைவெளியைப் பார்த்துத்தான் எது எதற்குள் அடங்கும் என்று முடிவு செய்கிறது. டேப் விசையை அது ஏற்பதே இல்லை. தொடங்குபவரின் முதல் வாரப் பிழைகளில் பெரும்பாலானவை இதிலிருந்தே பிறக்கும். கதையில் மாறக்கூடிய எண்களையும் தகவல்களையும் ‘டிஃபால்ட்’ என்ற கட்டளையால் அறிவிக்க வேண்டும். அப்படிச் செய்தால், கேமைப் புதுப்பிக்கும்போது சேர்க்கும் புதிய மாறிகள் பழைய சேமிப்புகளிலும் தொடக்க மதிப்போடு வந்து சேரும். செய்யாமல் விட்டால் வாசகர் பாதியில் சேமித்த கோப்பு பிழை காட்டி நிற்கும். மெனு, வரைபடம், பொருள்பை போன்ற திரைகளை மாற்றியமைப்பதற்கு ‘ஸ்கிரீன்’ மொழி என்ற தனிப் பாடம் இருக்கிறது. அதற்குச் சில வாரங்களை ஒதுக்கிவைப்பது நல்லது. முப்பரிமாணக் காட்சிகளுக்கு இது இடமில்லை. கன்சோல்களுக்கு நேரடி வழியும் இல்லை.

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்த பிறகும், வேறு எஞ்சினுக்குப் போகத் திட்டவட்டமான காரணம் இல்லாதவர் ரென்பையில் தொடங்குவதே நல்லது.

தமிழ் எழுத்து உடையாமல் வருமா

மற்ற நாட்டு வழிகாட்டிகளில் இருக்காத பகுதி இது. தமிழில் எழுதப்போகிறவர் எந்த எஞ்சினையும் தரவிறக்கியவுடன் முதலில் செய்ய வேண்டிய சோதனையும் இதுவே. கலையோ இசையோ சேர்க்கும் முன்பு, எழுத்துருவை மாற்றிவிட்டு, கீழே உள்ளது போன்ற ஒரு வரியை ஓடவிட்டுப் பார்க்க வேண்டும்:

கௌதாரி பொந்துக்குள் தேன்கூட்டைக் கண்டு கூவியது. ஸ்ரீரங்கத்து லக்ஷ்மி மாலை தொடுத்தாள்.

பொருளில் ஒன்றுமில்லை. ஆனால் தமிழ் எழுத்தின் சிக்கலான இடங்கள் அதில் இருக்கின்றன. யூனிகோடில் ‘பொ’ என்பது முதலில் ‘ப’, அதன் பின் ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. திரையில் காட்டும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து, கொம்பு முன்னாலும் கால் பின்னாலும் வர வேண்டும். ‘தே’, ‘லை’ போன்றவற்றில் பின்னால் சேமிக்கப்பட்ட குறி முன்னால் வர வேண்டும். ‘டு’, ‘து’, ‘கூ’ ஆகியவற்றில் மெய்யும் உயிரும் கலந்து தனி வடிவம் எடுக்க வேண்டும். இந்த மறுவரிசைப்படுத்தலுக்கு ஒரு தனி மென்பொருள் அடுக்கு தேவை. ஹார்ஃப்பஸ் என்பது அதில் பரவலாகப் பயன்படும் திறந்த மூல நூலகம். அது இல்லாத எஞ்சினில் கொம்பு தவறான பக்கம் நிற்கும், அல்லது குறிக்கு அடியில் புள்ளி வட்டம் முளைக்கும்.

ரென்பை 8ஆம் வரிசையின் அண்மைப் பதிப்புகள் ஹார்ஃப்பஸைப் பயன்படுத்துகின்றன. தமிழ் ஒழுங்காக வருகிறது. பழைய 7ஆம் வரிசையில் அது கிடையாது. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடங்களைப் பார்த்து 7ஐத் தரவிறக்கிவிட்டு, தமிழ் உடைகிறது என்று ரென்பையையே கைவிடத் தேவையில்லை. இன்னொன்று, ரென்பையோடு வரும் டெஜாவு சான்ஸ் எழுத்துருவில் தமிழ் இல்லை. தமிழ் எழுத்துருக் கோப்பை கேம் ஃபோல்டரில் வைத்து, அமைப்புக் கோப்பில் அதன் பெயரைக் கொடுக்கும்வரை வெறும் கட்டங்கள்தான் தெரியும்.

கோடோ எஞ்சின் 2023 மார்ச்சில் வெளிவந்த 4ஆம் பதிப்பிலிருந்து சிக்கலான எழுத்துமுறைகளைக் காட்டுகிறது; 3ஆம் பதிப்பில் இந்த ஆதரவு இல்லை. யூனிட்டியில்தான் நிலைமை சங்கடம். அங்கே பெரும்பாலோர் பயன்படுத்தும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோ, இந்திய எழுத்துகளுக்குத் தேவையான மறுவரிசைப்படுத்தலைச் செய்வதில்லை. அதற்கு ஒரு சுற்றுவழி உண்டு: கொம்பையும் காலையும் தனித்தனி எழுத்துகளாகக் கொண்ட பாமினி போன்ற பழைய குறியாக்கத்துக்கு வரியை மாற்றி, அதற்கான எழுத்துருவில் காட்டுவது. அந்த வழியில் போகிறவர் மூலப் பிரதியை யூனிகோடிலேயே வைத்துக்கொண்டு, திரையில் காட்டும் கடைசிக் கணத்தில் மட்டும் மாற்றும்படி அமைக்க வேண்டும். மூலத்தையே பழைய குறியாக்கத்தில் எழுதினால் பிழை திருத்தவோ, ஒரு பெயரைத் தேடி மாற்றவோ, மொழிபெயர்ப்பாளரிடம் கொடுக்கவோ இயலாமல் போகும்.

உலாவியை அடிப்படையாகக் கொண்ட கருவிகளில் தமிழ் நன்றாக வரும் என்று எதிர்பார்க்கலாம், ஏனென்றால் குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் தமிழை எப்போதோ சரியாகக் காட்டத் தொடங்கிவிட்டன. அங்கே சிக்கல் வேறு இடத்தில் இருக்கும். வசனம் எழுத்தெழுத்தாகத் தோன்ற வேண்டும் என்பதற்காகச் சில கருவிகள் வரியைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனிப் பெட்டியில் இடும். அப்போது மெய்யும் குறியும் வெவ்வேறு பெட்டிக்குள் போய்விடும். எனவே சோதனை வரியை, எழுத்தெழுத்தாகத் தோன்றும் வேகத்தை மெதுவாக்கிவிட்டு ஓட்டிப் பார்க்க வேண்டும். ‘க்’ வருவதற்கு முன் ஒரு கணம் ‘க’ தெரிந்து மறைவதைச் சில வாசகர்கள் கவனிக்கவே மாட்டார்கள். சிலருக்கு அது கண்ணில் உறுத்திக்கொண்டே இருக்கும். சொல் சொல்லாகவோ, முழு வரியாகவோ தோன்றும்படி வைப்பது தமிழுக்குப் பெரும்பாலும் உகந்தது.

எழுத்துருவுக்கு உரிமம் பார்க்க வேண்டும். நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ், கட்டமரன், முக்தா மலர், மீரா இனிமை ஆகியவை திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. கேமோடு சேர்த்து விநியோகிக்கலாம். விண்டோஸோடு வரும் லதா எழுத்துருவை அப்படி எடுத்துச் சேர்க்க உரிமை கிடையாது. தேர்ந்த எழுத்துருவில் ஆங்கில எழுத்துகள் இல்லாவிட்டால், ரென்பையின் ஃபான்ட்குரூப் வசதியால் இரண்டு எழுத்துருக்களை ஒன்றாக இணைக்கலாம்.

அளவும் மாற வேண்டியிருக்கும். ஆங்கிலத்துக்காக அமைத்த வசனப் பெட்டியில் தமிழ் வரிகள் நெருக்கியடிக்கும். சொற்கள் நீளம்; ‘ஞ’, ‘ணை’ போன்றவற்றின் சுழிகள் சிறிய அளவில் கலங்கிப்போகும். எழுத்தைப் பெரிதாக்கி, வரி இடைவெளியைக் கூட்டி, ஒரு பெட்டிக்கு எத்தனை சொல் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே முடிவு செய்துகொண்டால், பின்னால் நூற்றுக்கணக்கான வசனங்களை வெட்டும் வேலை மிச்சமாகும். நீண்ட வருணனைகள் நிறைந்த கதை என்றால், திரை முழுவதையும் பக்கமாகப் பயன்படுத்தும் என்விஎல் முறை இருக்கிறதா என்றும் பார்க்கலாம். ரென்பை இரண்டு முறைகளையும் தருகிறது. மனதுக்குள் நினைப்பதைக் காட்டச் சாய்வெழுத்தைப் பயன்படுத்துவது ஆங்கில கேம்களின் வழக்கம். தமிழ் எழுத்தைக் கணினி வலிந்து சாய்த்தால் படிக்க முடியாது. நிற மாற்றமே போதும்.

கோடிங்கைத் தொட மாட்டேன் என்பவருக்கு

டைரானோபில்டர், ஜப்பானில் உருவான டைரானோஸ்கிரிப்ட் மொழியின் மேல் கட்டப்பட்டது. வசனம், படம், இசை, தாவல் எல்லாம் கட்டங்களாக இருக்கும். இழுத்துப் போட்டு வரிசைப்படுத்தினால் கதை ஓடும். ஒரு முறை பணம் கொடுத்து வாங்க வேண்டியது. 2017இல் வந்த விஷுவல் நாவல் மேக்கரும் இதே இனம். லைவ்2டி எனப்படும் அசையும் ஓவியங்களுக்கும் அதில் இடம் உண்டு.

அரை மணி நேரக் கதைக்கு இவை இனிமையானவை. ஓவியர் ஒருவர் தன் பத்து ஓவியங்களைக் கோத்துச் சிறுகதை சொல்ல நினைத்தால் டைரானோபில்டரில் சனி, ஞாயிறுக்குள் முடித்துவிடலாம். நீண்ட கதையில் கட்டங்கள் ஆயிரக்கணக்கில் பெருகும். ஒரு பாத்திரத்தின் பெயரை மாற்ற வேண்டும், நடுக்காட்சியை இரண்டாகப் பிரிக்க வேண்டும் என்று வரும்போது, டெக்ஸ்ட் கோப்பில் ஒரு நிமிடத்தில் முடியும் வேலைக்கு இங்கே பிற்பகல் முழுவதும் போகும். கோடிங் பயத்தினால் மட்டும் இவற்றை நோக்கிப் போகிறவர், ரென்பையின் அந்த ஐந்தாறு சொற்களை ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

யூனிட்டியும் கோடோவும் எப்போது

வெனிசுவேலாவைச் சேர்ந்த சுகெபான் கேம்ஸ் 2016இல் வெளியிட்ட ‘வால்ஹல்லா’ என்று அழைக்கப்படும் மதுக்கடைக் கதையும், இந்தோனேசியாவின் டோகே புரொடக்‌ஷன்ஸ் 2020இல் வெளியிட்ட ‘காஃபி டாக்’கும் நெருங்கிய உறவு. இரண்டிலும் விளையாடுபவர் கடைக்காரர். வாடிக்கையாளர் பேசுவதைக் கேட்டு, அவர் கேட்டதைக் கலந்து கொடுக்க வேண்டும். எதைக் கொடுத்தோம் என்பதைப் பொறுத்துக் கதை திரும்பும். முதலாவது கேம்மேக்கரிலும் இரண்டாவது யூனிட்டியிலும் செய்யப்பட்டவை. படிப்பதோடு கையும் ஏதாவது செய்துகொண்டிருக்க வேண்டும், அந்தச் செயலே கதையின் நாடித்துடிப்பு என்று இருந்தால் பொது எஞ்சினுக்குப் போவதில் நியாயம் இருக்கிறது. முப்பரிமாண இடத்தில் நடமாட வேண்டிய கதைக்கும் அப்படியே.

இரண்டாவது நல்ல காரணம் கன்சோல். ‘காஃபி டாக்’ கணினியிலும் கன்சோல்களிலும் ஒன்றாகவே வெளிவந்தது. கன்சோல் நிறுவனங்கள் தங்கள் கருவித்தொகுப்பை ஒப்பந்தம் போட்டவர்களுக்கு மட்டுமே தருகின்றன. யூனிட்டி அந்த நிறுவனங்களோடு இணைந்து வழி அமைத்திருக்கிறது. கோடோ திறந்த மூலம் என்பதால் அந்த மூடிய கருவிகளைத் தன்னோடு சேர்த்துக் கொடுக்க முடியாது; மாற்றித்தரும் நிறுவனங்களை நாட வேண்டும்.

யூனிட்டியை வெறுமையாக எடுத்துக்கொண்டு விஷுவல் நாவல் செய்ய இறங்கினால், இந்த அத்தியாயத்தின் தொடக்கத்தில் சொன்ன ரோல்பேக் முதலான அத்தனை வேலையும் தலையில் விழும். நானிநாவல் என்ற கட்டணச் செருகுநிரல் அந்தச் சுமையைப் பெரும்பாலும் இறக்கிவைக்கிறது. ரென்பையைப் போலவே டெக்ஸ்ட் கோப்பில் எழுதலாம். கோடோவில் டயலாஜிக் என்ற இலவசச் செருகுநிரல் உரையாடல்களையும் தெரிவுகளையும் கையாளும்.

இங்க் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. 2014இல் டைம் இதழ் அந்த ஆண்டின் சிறந்த கேமாகத் தேர்ந்த ‘80 டேஸ்’, கிளைகள் ஆயிரமாகப் பிரியும் உலகப் பயணக் கதை. அதை எழுத இங்கிள் நிறுவனம் பயன்படுத்திய மொழிதான் இங்க். 2016இல் திறந்த மூலமாக்கப்பட்டது. அது எஞ்சின் அன்று, கதையை எழுதும் மொழி மட்டுமே. யூனிட்டி போன்ற ஒன்றுக்குள் அதை அமர்த்த வேண்டும். ‘நைட் இன் த வுட்ஸ்’ கேமுக்காகப் பிறந்த யார்ன் ஸ்பின்னரும் அதே வகை. கிளைகள் மிகுந்த கதையைப் பொது எஞ்சினில் செய்பவர்கள் இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொண்டால், எழுத்து எஞ்சினின் வயிற்றுக்குள் சிக்காமல் தனியே இருக்கும்.

அப்படித் தனியே இருப்பது ஏன் முக்கியம் என்பதை 2023 செப்டம்பர் காட்டியது. கேம் ஒவ்வொரு முறை நிறுவப்படும்போதும் கட்டணம் என்று யூனிட்டி திடீரென அறிவித்தது. எதிர்ப்பு கிளம்பியதும் பத்து நாளில் திட்டம் திருத்தப்பட்டது, 2024 செப்டம்பரில் முழுதாகக் கைவிடப்பட்டது. அந்த ஓராண்டில் பலர் கோடோவுக்கு மாறினார்கள். கட்டணம் இன்று இல்லை. ஆனாலும் நான்கைந்து ஆண்டுகள் எழுதப்போகும் கதையை ஒரு நிறுவனத்தின் விலைப்பட்டியலோடு முடிச்சுப் போடும்போது, அவிழ்க்கவும் வழி இருக்கிறதா என்று பார்ப்பது கதைக்குச் செய்யும் மரியாதை.

ஜப்பானிய முன்னோடிகளும் எஞ்சின் மாற்றத்தைக் கடந்து வந்திருக்கிறார்கள். 2000இல் வந்த ‘சுகிஹிமே’யும் 2002இல் தொடங்கிய ‘ஹிகுராஷி’யும் என்ஸ்கிரிப்டர் எஞ்சினில் செய்யப்பட்டவை. 2004இன் ‘ஃபேட்/ஸ்டே நைட்’ கிரிகிரியில். ‘ஹிகுராஷி’ பிற்காலத்தில் ஆங்கிலத்தில் மறுபடி வெளியானபோது யூனிட்டிக்கு இடம் மாறியது. கதை நிலைத்தது, எஞ்சின் மாறியது.

ஒரு காட்சியை முழுதாகச் செய்து பார்த்தல்

கிளைகளைத் திட்டமிடும் கட்டத்தில் எஞ்சினே தேவையில்லை. கிறிஸ் கிளைமாஸ் 2009இல் உருவாக்கிய ட்வைன் உலாவியிலேயே இயங்கும், இலவசம், தமிழைச் சிக்கலின்றிக் காட்டும். பெட்டிகளை அம்புகளால் இணைத்துக் கதையின் வரைபடத்தைப் பார்க்கலாம். நெட்ஃபிளிக்ஸின் ஊடாடும் படமான ‘பேண்டர்ஸ்நாட்ச்’சின் கதைச்சுருக்கத்தை எழுதும்போது சார்லி புரூக்கரும் இதையே பயன்படுத்தினார்.

வரைபடம் தெளிந்த பிறகு, மனதில் இருக்கும் எஞ்சினில் ஒரே ஒரு காட்சியை முழுதாகச் செய்து பார்க்க வேண்டும். முதல் காட்சி வேண்டாம், அது எந்த எஞ்சினிலும் எளிதாக வந்துவிடும். கதையின் நடுவில் வரும், மூன்று பாத்திரங்கள் பேசுகிற, ஒரு தெரிவு இருக்கிற, முன்பு நடந்த ஏதோ ஒன்றை நினைவில் வைத்துப் பதில் மாறுகிற காட்சி. ஓவியம் இல்லாவிட்டால் நிறக் கட்டங்கள் போதும். அதைச் சேமித்து, மூடி, ஒரு வசனத்தைத் திருத்திவிட்டு மறுபடி திறந்து பார்க்க வேண்டும். பின்னால் போய் வேறு தெரிவை எடுத்துப் பார்க்க வேண்டும். கணினியில் பழக்கமில்லாத நண்பரிடம் கொடுத்து, அவர் விரல் எங்கே தயங்குகிறது என்று கவனிக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் நடக்கும் நானோரெனோ, ஒரே மாதத்தில் ஒரு விஷுவல் நாவலை முடிக்கும் முயற்சி. 2005 முதல் நடந்துவருகிறது. எஞ்சினைச் சோதிக்கவும் ஒரு குறுங்கதையை முடிக்கவும் அதைவிடப் பொருத்தமான மாதம் இல்லை.

மொழிபெயர்ப்பு எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே சோதிக்கலாம். ரென்பை எல்லா வசனங்களையும் எடுத்து மொழிபெயர்ப்புக் கோப்புகளைத் தானே உருவாக்கித் தரும். ஆனால் ஒவ்வொரு வசனத்தின் அடையாளமும் மூல வரியிலிருந்து கணக்கிடப்படுகிறது. மொழிபெயர்ப்பு முடிந்த பின் தமிழ் வரியில் ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் அடையாளம் மாறி, அந்த இடத்தில் மொழிபெயர்ப்பு காணாமல் போகும். தமிழ்ப் பிரதி இறுதியான பிறகே மொழிபெயர்ப்பைத் தொடங்க வேண்டும்.

கைபேசிக்கு

தமிழ் வாசகர்களில் பலருக்குக் கைபேசியே கணினி. ஆகவே ஆண்ட்ராய்டு பதிப்பைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்கக் கூடாது. சோதனைக் காட்சியே விலை குறைந்த ஒரு ஆண்ட்ராய்டு கைபேசியில் ஓட வேண்டும். கணினித் திரையில் அழகாகத் தெரிந்த எழுத்து அங்கே எறும்பளவு ஆகிவிடும். தெரிவுப் பொத்தான்கள் விரலுக்கு அகப்படாது. ரென்பை, தொடுதிரைக்கென்று தனி அளவுகளை வைத்துக்கொள்ள இடம் தருகிறது. படக் கோப்புகளின் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்துகளிலேயே வைப்பது பாதுகாப்பு. விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்க்கப்படாததால் ஓடிய கேம், அந்த வேறுபாட்டைப் பார்க்கும் தளத்தில் படத்தைக் காணவில்லை என்று நின்றுவிடக்கூடும்.

கூகுள் பிளேயில் வெளியிட ஒரே முறை 25 டாலர் பதிவுக் கட்டணம். ஆப்பிளில் ஆண்டுக்கு 99 டாலர், அதோடு கேமைக் கட்டியெழுப்ப மேக் கணினியும் வேண்டும். ஸ்டீமில் ஒரு கேமுக்கு 100 டாலர். இட்ச் தளத்தில் முன்பணம் எதுவும் இல்லை. விற்பனையில் தளத்துக்கு எத்தனை விழுக்காடு என்பதையும் வெளியிடுபவரே முடிவு செய்யலாம். உலாவியிலேயே ஓடும் பதிப்பையும் அங்கே ஏற்றலாம் என்பதால், முதல் கேமுக்கு அது நல்ல வாசல்.

ஆண்ட்ராய்டு பதிப்பை முதன்முறை உருவாக்கும்போது ரென்பை ஒரு கையொப்பச் சாவிக் கோப்பையும் உருவாக்கும். பின்னால் வரும் ஒவ்வொரு புதுப்பித்தலும் அதே சாவியால் கையொப்பமிடப்பட வேண்டும். அதை அன்றைக்கே வேறு இரண்டு இடங்களில் நகலெடுத்து வைத்துவிட்டு, எந்த ரென்பை பதிப்பில் கேம் தொடங்கப்பட்டதோ அந்தப் பதிப்பின் தரவிறக்கக் கோப்பையும் அதன் பக்கத்திலேயே சேமித்து வைக்க வேண்டும்.